சான்றிதழ் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது?

வங்கி வேலையில் இருப்பவனுக்கு மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர். அப்படி நாலு மாநிலம் சுற்றியதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. எந்த மொழிக்காரராக இருந்தாலும், பக்கத்து சீட்டுக்காரரைக் கிண்டல் செய்ய ஓர் ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கீழ்ப்பாக்கம். ஐதராபாத்தில் எர்ரகட்டா. கோழிக்கோட்டில் குதிரவட்டம், திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை. இந்திக்காரர்களுக்கு ஆக்ரா அல்லது ராஞ்சி. இப்போது நான் இருக்கும் புனேயில் ஏரவாடா. "அவனை ஏரவாடாவுக்கு அனுப்பு" என்று இங்கே யாராவது சொன்னால், ஜெயிலுக்கா மனநல மருத்துவமனைக்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டுமே அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு மாகாணத்துக்கே ஒன்றிரண்டு பெயர்கள்தான் இருந்தன என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. மனநோய்க்கும் குடிக்கும் வைத்தியம் பார்க்கும் இடங்களுக்கு இந்த நாட்டில் யார் அனுமதி கொடுத்தார்கள், எந்தத் தரத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தக் கதை. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ போனிலேயே இடம் தேடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நமக்கு இது வெறும் சரித்திரப் பாடம் இல்லை.

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் வந்தது பூட்டு

சென்னையில் 1794-இல் வாலண்டைன் கொனொலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்து மனநோயாளிகளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். தனியார் ஏற்பாடுதான், ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவோடு. பிறகு 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதைய வளாகம் திறக்கப்பட்டது.

இடையில் 1858 வருகிறது. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த அதே வருஷம் 'பைத்தியக்கார விடுதிகள்' பற்றிய சட்டமும் வந்தது. பெயரைப் பார்த்தாலே புரியும், இது வைத்தியத்துக்கான சட்டம் இல்லை. தெருவில் திரிபவரை யார் பிடிக்கலாம், எந்த மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், யார் செலவில் உள்ளே வைக்கலாம் என்பதுதான் அதன் கவலை. 1912-இல் வந்த இந்திய லூனசி சட்டம் இதையே இன்னும் விரிவாகச் சொன்னது.

ஆனாலும் 1912 சட்டத்தில் என் போன்ற ஆசாமிகளின் கண்ணில் படுகிற ஓர் அம்சம் உண்டு. ஒவ்வொரு விடுதிக்கும் குறைந்தது மூன்று 'பார்வையாளர்கள்' நியமிக்கப்பட வேண்டும், ஒருவராவது மருத்துவ அதிகாரியாக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பாஷையில் இது இன்ஸ்பெக்ஷன். சிறைத்துறைத் தலைவரும் பதவி வழியில் ஒரு பார்வையாளர். அதிலிருந்தே இந்த இடங்களை அரசாங்கம் எந்தக் கணக்கில் வைத்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். 1920-களில் 'அசைலம்' என்ற போர்டை எடுத்துவிட்டு 'மனநல மருத்துவமனை' என்று மாற்றினார்கள். போர்டு மாறியது, மதில் மாறவில்லை.

40,000 பேருக்கு ஒரு கட்டில்

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, 1946-இல், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு நாட்டின் மொத்த சுகாதாரத்தையும் அலசி அறிக்கை கொடுத்தது. (போர் என்பது யுத்தம் இல்லை, ஆள் பெயர்!) மனநலத்துக்கு அது சொன்ன கணக்கு இது: இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை. இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒன்று.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் பின்னால் நடந்தவை புரியும். அரசிடம் இடம் இல்லை. வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அப்போது குடும்பம் எங்கே போகும்? கோயிலுக்கும் தர்காவுக்கும்தான் போகும். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவது, ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் இருப்பது எல்லாம் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. மதம் பார்த்து யாரும் போகவில்லை. ஏர்வாடிக்கு இந்துக் குடும்பங்களும் ஏராளமாகப் போயின.

நல்ல மாற்று முயற்சிகளும் அப்போதே இருந்தன. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. தன் மனநல மையத்தில் அதே போலக் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கொண்டு வந்தது. பெங்களூரில் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையம் 1974-இல் நிம்ஹான்ஸ் ஆனது. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குப் பதில் மருத்துவம் கிராமத்துக்குப் போகலாம் என்ற யோசனை 1970-களில் நிம்ஹான்ஸ் மூலம் சக்கலவாராவிலும், சண்டிகர் மருத்துவர்கள் மூலம் ராய்ப்பூர் ராணியிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் அது மாவட்ட அளவில் நான்கு இடங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி.

ஆக, வைத்தியம் முன்னேறிக்கொண்டிருந்தது. சட்டம்?

37 வருஷம் நிலுவையில் இருந்த ஃபைல்

லூனசி சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வேண்டும் என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 1950-லேயே ஒரு வரைவு கொடுத்தது. சட்டம் நிறைவேறியது 1987-இல். அமலுக்கு வந்தது 1993 ஏப்ரல் 1. எங்கள் ஆபீஸில் ஒரு லோன் ஃபைல் இத்தனை நாள் கிடந்தால் அதைத் திறந்தவர், மூடியவர் எல்லாரும் ரிடையர் ஆகியிருப்பார்கள்.

இருந்தாலும் 1987 சட்டம் முக்கியமானது. முதல்முறையாகத் தனியார் மனநல மருத்துவமனைகளுக்கு விரிவான லைசென்ஸ் முறை வந்தது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து வருஷம். விதிகளில் பத்துப் படுக்கைக்கு ஒரு முழுநேர மனநல மருத்துவர், மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றெல்லாம் கணக்கு இருந்தது. பார்வையாளர்கள் மூவர் இப்போது ஐவர் ஆனார்கள்.

இரண்டு ஓட்டைகளும் இருந்தன. அரசு மருத்துவமனைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. அதன் விலை 1999-இல் தெரிந்தது. தேசிய மனித உரிமை ஆணையமும் நிம்ஹான்ஸும் சேர்ந்து 37 அரசு மனநல மருத்துவமனைகளைப் போய்ப் பார்த்தன. 38 சதவீதம் இன்னமும் சிறை போன்ற பழைய கட்டட அமைப்பிலேயே இருப்பதாக அந்த அறிக்கை சொன்னது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. 'மருத்துவமனை' என்று சொல்லிக்கொண்டால்தானே லைசென்ஸ் கேட்பார்கள்? 'இல்லம்' என்று ஒரு போர்டு, மேலே ஒரு கீற்றுக் கூரை, மாதாமாதம் மணியார்டர் வாங்க ஒரு ரசீதுப் புத்தகம். இப்படி நடந்தவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார்கள் நடத்திய இல்லங்கள் பல. தர்கா இவற்றை நடத்தவில்லை. அங்கே வரும் குடும்பங்களை நம்பி வெளியாட்கள் நடத்தியவை. அதில் ஒன்றில் விடியும் முன் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வழக்கின் பெயர் இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் 'சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்' என்றுதான் இருக்கிறது. முதல் எண்ணிக்கையில் வழக்குப் பதிவானது, சாவு அதோடு நிற்கவில்லை.

ஒரே வாரத்தில் ஏர்வாடியின் இல்லங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து லைசென்ஸ் இல்லாத இடங்களை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. இல்லத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் ஏழு ஆண்டு தண்டனை கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த 28 பேரை அங்கே விட்டுவிட்டு வந்தவர்களைப் பலர் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதா மாதம் பணம் அனுப்பிய குடும்பம் கைவிட்ட குடும்பம் இல்லை. அனுப்பிய பணம் என்ன ஆகிறது என்று பார்க்க வழி இல்லாத குடும்பம். பம்பாயிலும் டெல்லியிலும் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்பும் நம் எல்லாருக்கும் அந்த நிலைமை தெரியும்.

குடிக்குத் தனி அமைச்சகம்

இதுவரை சொன்னது மனநோய்ப் பக்கம். குடியும் போதையும் வேறு பாதையில் வந்தன.

இதிலும் ஒரு முன்னோடி சென்னைதான். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பி, 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். குடி ஒரு வியாதி, வைத்தியம் உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. சிகிச்சை மையங்களை அரசு அமைக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களுக்கு நிதி கொடுத்தது சமூகநல அமைச்சகம். அரசு மருத்துவமனைகளில் இருந்த போதை மீட்புப் பிரிவுகளைப் பார்த்துக்கொண்டது சுகாதார அமைச்சகம். இரண்டு ரிஜிஸ்டர். இரண்டிலும் பதியாமல் மாடியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து 'டி-அடிக்ஷன் சென்டர்' என்று போர்டு மாட்டியவர்கள் மூன்றாவது ரகம். பஞ்சாபில் இந்த மூன்றாவது ரகம் பெருகி, அடி உதைப் புகார்கள் நீதிமன்றம் வரை போன பிறகு, 2011-இல் மாநில அரசு தனி விதிகளே கொண்டுவந்தது.

பிரச்சினை என்ன தெரியுமா? குடியும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம்தான் இருக்கும். ரிஜிஸ்டர்தான் இரண்டு. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவருக்கு டாக்டர் உடனே வேண்டும். பிரசங்கமும் குளிர்ந்த தண்ணீரும் போதாது. உயிர் போகும்.

2017: சங்கிலி கூடாது, மொட்டையும் கூடாது

2017-இல் நிறைவேறி 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்று காரியங்கள் செய்தது.

முதலாவது, அந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தது. இப்போது மருத்துவமனையோ, இல்லமோ, மறுவாழ்வு மையமோ, அரசுடையதோ தனியாருடையதோ, மனநோயாளிகள் தங்கி இருக்கும் இடம் என்றால் பதிவு செய்தாக வேண்டும். உறவினரோடு வசிக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு.

இரண்டாவது, மது மற்றும் போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் கொண்டுவந்தது. ஆக, குடிநோயாளியை அடைத்து வைத்துவிட்டு "எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, 'தரம்' என்பதற்கு அர்த்தம் மாறியது. பழைய விதிகளில் தரம் என்றால் படுக்கைக்கு எத்தனை நர்ஸ் என்பது. புதிய சட்டத்தில் உள்ளே இருப்பவரின் உரிமைதான் தரம். எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது. மயக்க மருந்தில்லாமல் ஷாக் கொடுக்கக்கூடாது. கட்டாய மொட்டை கூடாது. சீருடை போடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, சொந்தத் துணி உடுத்தலாம். வேலை வாங்கினால் கூலி தர வேண்டும். மொட்டையும் சீருடையும் சின்ன விஷயம் மாதிரி தோன்றும். நம் வீட்டு ஆளைப் பார்க்கப் போய், தலையை மழித்து, அடையாளம் தெரியாமல் நிற்பதைக் கண்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

இனி என் தொழில் பார்வையில் இரண்டு குறைகள். தற்காலிகப் பதிவு விண்ணப்பித்த பத்து நாளில், எந்த விசாரணையும் இல்லாமல், ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும். கே.ஒய்.சி. பார்க்காமல் கணக்கைத் திறந்துவிட்டு, ஆதாரத்தைப் பிறகு கொடு என்பது மாதிரி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட் உண்டு. ஆனால் ஆடிட் செய்ய ஆள் வேண்டுமே! அடுத்தது, பதிவில்லாமல் நடத்தினால் முதல்முறை அபராதம் 5,000-இலிருந்து 50,000 ரூபாய் வரை. 5,000 என்பது பல இடங்களில் ஒரே ஒரு நோயாளியிடம் ஒரு மாதத்துக்கு வாங்கும் தொகைக்கும் குறைவு. திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஐந்து லட்சம் வரை போகும்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உத்தரப் பிரதேசம் பதாயூனில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த விவகாரத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டித்தது. நாட்டின் 46 அரசு மனநல நிலையங்களின் நிலைமை பரிதாபமாக இருக்கிறது என்று மனித உரிமை ஆணையம் 2023-இல் சொன்னது. 1999-இல் படித்த அறிக்கையை மறுபடி படிக்கிற மாதிரி இருந்தது. நல்லதும் நடந்திருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கும் 'தவா-துவா' முறை குஜராத்தின் உனாவா தர்காவில் நடைமுறைக்கு வந்தது, ஏர்வாடியிலும் வந்தது. நம்பிக்கையைப் பறிக்காமல் மருந்தைச் சேர்ப்பது.

அமெரிக்காவில் எப்படி?

நாம் இவ்வளவு நேரம் பேசியது ஆள் தங்கும் இடங்களின் அனுமதி பற்றி. படுக்கையே இல்லாத தெருமுனை கிளினிக்குக்குத் தரச்சான்று உண்டா? இதை அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் பெரிய மருத்துவமனைகளுக்குப் பதில் சமூக மையங்கள் என்றது. திட்டமிட்டதில் பாதி அளவுதான் கட்டப்பட்டது. பழைய இடங்களிலிருந்து வெளியே வந்த பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு, 2014 சட்டத்தின்படி 2017-இல் எட்டு மாநிலங்களில் சான்றளிக்கப்பட்ட சமூகக் கிளினிக்குகள் தொடங்கின. சான்று வேண்டுமானால் மனநோய், போதை இரண்டுக்கும் சிகிச்சை தர வேண்டும். 24 மணி நேரமும் நெருக்கடி உதவி வேண்டும். பணம் இல்லை, முகவரி இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. முக்கியமான சங்கதி, சான்று பெற்ற கிளினிக்குக்கு உண்மைச் செலவைக் கணக்கிட்டு அரசுக் காப்பீடு பணம் தருகிறது. தரத்தைக் கேட்டுவிட்டு அதற்கான பணத்தையும் கொடுப்பது. நம் ஊரில் தரத்தைக் கேட்கிறோம், பணம் குடும்பத்தின் பையிலிருந்து வருகிறது.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரின் குடும்பங்கள் கையில் கிடைத்த போன் நம்பருக்கெல்லாம் அடித்துப் பார்க்கும் குடும்பங்கள். அந்த அவசரத்தை நம்பித்தான் போலி மையங்கள் பிழைக்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஊரில் யாரையாவது சேர்க்கும் முன்:

1. பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது சட்டம். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தற்காலிகமா நிரந்தரமா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

2. மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்?

3. "நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு வருகிறோம்" என்கிறார்களா? அங்கேயே போனை வைத்துவிடுங்கள். சம்மதமில்லாமல் சேர்ப்பதற்குச் சட்டத்தில் முறை இருக்கிறது. இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாள்தான்.

4. உள்ளே இருப்பவரோடு போனில் பேசலாமா, நேரில் பார்க்கலாமா? "முதல் மூன்று மாதம் யாரும் வரக்கூடாது" என்றால் காரணம் கேளுங்கள்.

5. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் யாராவது போய்ப் பார்க்க முடியுமா? நீங்கள் தொலைவில் இருந்தால் பக்கத்து ஊர் சித்தப்பாவையாவது அனுப்புங்கள். 1912-இல் எழுதி வைத்த அந்த மாதாந்திரப் பார்வையாளர் வேலையை இப்போதைக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு: மனநலத்துக்கு டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். குடி, போதைக்கு 14446. இரண்டும் இலவசம்.

உங்கள் ஊரில் நல்ல மையம் என்று நேரில் பார்த்துத் தெரிந்த இடம் இருந்தால் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், போய்ப் பார்த்தது மட்டும். இங்கே நம் ஆட்கள் யாராவது கேட்டால் சொல்ல உதவும்.